விழுங்கும் பேஸ்ட்டும் குடிக்கும் தண்ணீரும்

பற்பசை விளம்பரங்களில் பிரஷ்ஷின் முடியே தெரியாத அளவுக்குப் பேஸ்ட் படுத்திருக்கும். ஒரு நுனியில் தொடங்கி மறுநுனியில் சுருண்டு முடியும் அந்தப் பட்டையைத்தான் ஒரு தடவைக்கான அளவு என்று கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டோம். பெரியவர்களுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. கொஞ்சம் காசு வீண், அவ்வளவுதான். நுரையைத் துப்பத் தெரிந்தவர்கள் அவர்கள். அதே கை இரண்டு வயதுக் குழந்தையின் பிரஷ்ஷிலும் அதே பட்டையைப் பிதுக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. அந்தக் குழந்தைக்குத் துப்பத் தெரியாது. பேஸ்ட் இனிப்பாக இருந்தால் துப்ப மனமும் வராது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 1000 பிபிஎம் என்று எழுதியிருக்கும் பேஸ்ட்டில் ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. பிரஷ் முழுக்க வைத்தால் ஏறத்தாழ ஒரு கிராம் பேஸ்ட். காலையும் இரவும் தேய்த்தால் நாளுக்கு 2 மி.கி. அதில் 60 சதவீதம் வயிற்றுக்குள் போனால் 1.2 மி.கி. குழந்தையின் எடை 11 கிலோ என்றால், ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.11 மி.கி. அமெரிக்க மருத்துவக் கழகம் 1997-இல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வகுத்த மேல்வரம்பு கிலோவுக்கு 0.10 மி.கி. தண்ணீர், பால், சோறு என்று எதையும் கணக்கில் சேர்க்காமலே பேஸ்ட் மட்டும் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

அதே குழந்தைக்கு அரிசி மணி அளவு பேஸ்ட் வைத்தால்? அதை 0.1 கிராம் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். இரண்டு வேளையும் வைத்து, ஒரு துளியும் துப்பாமல் அத்தனையையும் விழுங்கினாலும் நாளுக்கு 0.2 மி.கி.தான். கிலோவுக்கு 0.02-ஐக்கூடத் தொடாது. பேஸ்ட் அதேதான், ஃபுளோரைடின் செறிவும் அதேதான். வைக்கும் அளவு மாறியதால் உட்கொள்ளல் ஆறில் ஒரு பங்காகிவிட்டது. குழந்தைகளுக்கு ஃபுளோரைடு நல்லதா கெட்டதா என்று நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த எளிய பெருக்கல் கணக்கைச் செய்யாமலே நடக்கின்றன என்பது என் எண்ணம்.

இந்த மேல்வரம்பு எதற்காக என்பதையும் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்பதற்காக வகுத்த கோடல்ல அது. முளைக்கப்போகும் நிரந்தரப் பற்களில் ‘ஃபுளோரோசிஸ்’ எனப்படும் வெண்திட்டுகளும், மிஞ்சினால் பழுப்புக் கறையும் குழிகளும் வராமல் தடுக்கும் கோடு. இந்தக் கறையின் கதை அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொடங்குகிறது. 1901-இல் அங்கே தொழில் செய்ய வந்த பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே, உள்ளூர்ப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருப்பதைக் கண்டார். தேய்த்தால் போகாத கறை. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டும்தான் அது இருந்தது. பெரியவர்களாக வந்து குடியேறியவர்களின் பற்கள் வெள்ளையாகவே இருந்தன. எனவே ஊரின் ஏதோ ஒன்று, பல் உருவாகும் பருவத்தில் உள்ளே புகுந்து வேலை செய்கிறது. அந்த ‘ஏதோ ஒன்று’ தண்ணீர்தான் என்று மெக்கே சந்தேகித்தார். ஆனால் தண்ணீரில் என்ன இருக்கிறதென்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

விடை 1931-இல் கிடைத்தது, அதுவும் ஓர் அலுமினியக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில். ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பாக்சைட் என்ற பெயரிலேயே ஓர் ஊர் உண்டு. அல்கோவா நிறுவனத்தின் சுரங்க ஊர். அங்கேயும் பிள்ளைகளுக்குக் கறைப்பல். அலுமினியப் பாத்திரங்கள் நஞ்சு என்ற பேச்சு ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்த காலம் அது. பழி தங்கள் மேல் விழுந்துவிடுமோ என்ற கவலையில் அல்கோவாவின் தலைமை வேதியியலாளர் சர்ச்சில் ஊர்த் தண்ணீரை நிறமாலை முறையில் சோதித்தார். அலுமினியம் குற்றவாளியல்ல, ஃபுளோரைடு என்று தெரிந்தது. அதன் பிறகு அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் டிரென்ட்லி டீன் ஊர் ஊராகத் தண்ணீரையும் பற்களையும் ஒப்பிட்டு, கறைக்கு ஒரு தரவரிசை வகுத்தார். லிட்டருக்கு ஒரு மி.கி. அளவில் கறை மிகக் குறைவு, சொத்தையும் குறைவு என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. 1945 ஜனவரியில் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரக் குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்க்கத் தொடங்கினார்கள். பத்தாண்டு கழித்து, இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஜோசப் முலர் குழுவினர் உருவாக்கிய ஃபுளோரைடு பேஸ்ட் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது.

நம் பக்கத்துக் கதை அதற்கு நேர்மாறான முனையில் தொடங்கியது. 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளோரைடு நோய் ஊரோடு ஊராக இருப்பதை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவரும் மருத்துவ இதழில் எழுதினார்கள். கிண்டி கிங் நிறுவனத்தின் பெயரோடு பிணைந்த பெயர்கள் இவை. அவர்கள் பார்த்தது பற்கறை மட்டுமல்ல, முதுகெலும்பு விறைத்து நிமிர முடியாமல் போன மனிதர்களையும்தான். அமெரிக்கா தண்ணீரில் ஃபுளோரைடைச் சேர்க்கலாமா என்று யோசிப்பதற்கு முன்பே, இங்கே தண்ணீரிலிருந்து அதை எப்படி எடுப்பது என்ற கேள்வி வந்துவிட்டது. பேஸ்ட்டைப் பற்றி மேலை நாடுகளில் எழுதப்படும் அறிவுரைகளை அப்படியே இறக்குமதி செய்யும்போது நாம் மறந்துவிடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

குழந்தை எவ்வளவு பேஸ்ட்டை விழுங்குகிறது என்பதை எப்படி அளக்கிறார்கள் என்பதே ஒரு தனி சுவாரசியம். தேய்ப்பதற்கு முன் குழாயை எடை போடுவார்கள், வைத்த பிறகு மறுபடி போடுவார்கள். வித்தியாசம்தான் பிரஷ்ஷில் ஏறிய அளவு. பிறகு குழந்தை துப்பியது, கொப்பளித்த தண்ணீர், பிரஷ்ஷைக் கழுவிய தண்ணீர், உதட்டையும் கன்னத்தையும் துடைத்த துணி என்று எல்லாவற்றையும் சேகரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஃபுளோரைடு இருக்கிறதென்று பார்ப்பார்கள். வைத்ததில் இவையெல்லாம் போக மீதி வயிற்றுக்குள் போனது. கேட்க எளிது. ஆனால் தாய் பார்த்துக்கொண்டிருக்க, ஆய்வாளர் தராசோடு உட்கார்ந்திருக்க, எந்த வீட்டில் வழக்கம்போலப் பேஸ்ட் வைப்பார்கள்? கொஞ்சம் குறைத்தோ ஒழுங்காகவோதான் வைப்பார்கள். அதனால் பலர் இன்னொரு வழியையும் கையாளுகிறார்கள். ஒரு நாள் முழுவதும் குழந்தையின் சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து மொத்த ஃபுளோரைடை மதிப்பிடுவது. இரண்டு வயதுக் குழந்தையிடம் இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீர் சேகரிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று குழந்தை வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை சிரமத்துக்குப் பிறகும் முடிவுகள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. இங்கிலாந்தில் இரண்டரை வயதுக் குழந்தைகளை வைத்து 1999-இல் வெளியான ஆய்வில், பிரஷ்ஷில் வைத்த பேஸ்ட் சராசரியாகச் சுமார் 0.36 கிராம். அதில் ஏறத்தாழ 72 சதவீதம் உள்ளே போயிருந்தது. கனடாவின் மான்ட்ரியாலில் நடந்த ஆய்வுகளிலும் இரண்டு, மூன்று வயதில் பாதியோ அதற்கு மேலோ விழுங்கப்பட்டது. ஆறு, ஏழு வயதில் அது மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. துப்புவது என்பது வயதோடு வரும் திறமை. சொல்லிக்கொடுத்து வரவழைக்கலாம், ஆனால் மூன்று வயதுக்கு முன் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. குழந்தைகளுக்கென்று பழ வாசனையோடு வரும் பேஸ்ட்டைப் பெரியவர்கள் பேஸ்ட்டோடு ஒப்பிட்ட ஒரு அமெரிக்க ஆய்வில், பிள்ளைகள் முன்னதை அதிகமாகவே வைத்துக்கொண்டார்கள். ஸ்ட்ராபெரி வாசனை வியாபாரத்துக்கு நல்லது. மிட்டாய் போல ருசிப்பதைத் துப்பச் சொல்வது நம் பாடு.

விழுங்கியது எல்லாமே உடம்பில் சேருமா? அதுவும் நேரத்தைப் பொறுத்தது. வெறும் வயிற்றில் ஃபுளோரைடு இரைப்பை அமிலத்தோடு கலந்து, விரைவாக, ஏறத்தாழ முழுவதுமாக இரத்தத்தில் ஏறிவிடும். வயிற்றில் பாலோ சாப்பாடோ இருந்தால் சுண்ணச்சத்து அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு பகுதியை மலத்தோடு வெளியேற்றிவிடும். காலையில் எழுந்ததும் ஒன்றும் குடிக்காமல் பல் தேய்ப்பதுதான் நம் வீட்டு ஒழுங்கு. குழந்தைக்கு மட்டும் அதைத் தளர்த்திக்கொள்ளலாம். இட்லியோ பாலோ கொடுத்த பிறகு தேய்த்தால், விழுங்கிய பேஸ்ட்டின் பாதிப்பு குறையும். இரத்தத்தில் ஏறியதில் பெரியவர்கள் பாதியளவை எலும்பில் சேர்த்துக்கொள்கிறார்கள், மீதி சிறுநீரில் போய்விடுகிறது. எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் சிறு குழந்தையோ 80 சதவீதம் வரைகூடத் தக்கவைத்துக்கொள்ளும்.

இந்தியாவில் விற்கும் பேஸ்ட்டுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இங்கே பல பேஸ்ட்டுகளில் தேய்க்கும் பொருளாகச் சுண்ணாம்புக்கல் மாவைத்தான் சேர்க்கிறார்கள். சோடியம் ஃபுளோரைடை அதோடு சேர்த்தால் சுண்ணச்சத்து அதைப் பற்றிக்கொண்டு பயனற்றதாக்கிவிடும். அதற்காகத்தான் சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் என்ற வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் காலப்போக்கில், வெப்பத்தில், கொஞ்சம் கொஞ்சமாகக் கரையாத உப்பாக மாறும். எனவே குழாயில் எழுதியிருப்பது மொத்த ஃபுளோரைடு, பல்லுக்குப் பயன்படுவது கரையும் பகுதி மட்டும். பிரேசிலில் ஜைமே கூரி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இந்த வேறுபாட்டை விடாமல் எழுதிவருகிறார்கள். கரையாத ஃபுளோரைடு பல்லைக் காப்பதும் குறைவு, விழுங்கினால் உடம்பில் ஏறுவதும் குறைவு. நம் சட்டம் ஃபுளோரைடு பேஸ்ட்டுக்கு 1000 பிபிஎம் உச்சவரம்பு வைத்து, அந்த அளவையும் காலாவதித் தேதியையும் குழாயிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிடச் சொல்கிறது. தேதியைப் பார்த்து வாங்குவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பல்லுக்குள் நடப்பது என்ன? நிரந்தர முன்பற்களின் எனாமல் ஈறுக்குள், பால்பல்லுக்குப் பின்னால், குழந்தை தவழும் பருவத்திலேயே உருவாகிக்கொண்டிருக்கிறது. முதலில் புரதத்தால் ஒரு சட்டகம் அமைந்து, பிறகு அந்தப் புரதம் வெளியேற வெளியேற அந்த இடத்தைத் தாதுப்பொருள் நிரப்ப வேண்டும். ஃபுளோரைடு அதிகமானால் புரதம் வெளியேறுவது தாமதப்படுகிறது. எனாமலின் அடியில் நுண்துளைகள் மிஞ்சிவிடுகின்றன. ஒளி அங்கே சிதறுவதால் பல் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. துளைகள் மிகுந்தால், முளைத்த பிறகு வெளிக்கறை ஏறிப் பழுப்பாகிறது, மேல்பகுதி உதிர்ந்து குழியாகிறது. மேல்தாடை நடுப்பற்கள் இரண்டுக்கும் மிக நுட்பமான காலம் ஏறத்தாழ 15-ஆவது மாதத்திலிருந்து 30-ஆவது மாதம் வரை என்று ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. சிரித்தால் முதலில் தெரியும் பற்கள் அவைதான். குழந்தை முதன்முதலில் பிரஷ்ஷைக் கையில் வாங்கி, அடம்பிடித்து, பேஸ்ட்டை நக்கித் தின்னும் காலமும் சரியாக அதுதான். அந்தக் கறை வெளிப்படுவதோ ஆறு, ஏழு வயதில். அப்போது யாருக்கும் பேஸ்ட் ஞாபகம் இருக்காது.

இதை நீண்டகாலம் பின்தொடர்ந்து பார்த்தவர்களில் முதன்மையானவர் அயோவா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லெவி. 1992 தொடங்கி அயோவா மாநிலத்து மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் குடித்த தண்ணீர், பால்மாவு, பேஸ்ட் எல்லாவற்றையும் பெற்றோரிடம் மாதக்கணக்கில் கேட்டுப் பதிந்து, பிறகு பற்களைப் பார்த்தார்கள். இரண்டு வயதில் விழுங்கிய பேஸ்ட்டுக்கும் முன்பல் திட்டுகளுக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் அதே ஆய்வு இன்னொரு நம்பிக்கையை ஆட்டம் காண வைத்தது. கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.05 முதல் 0.07 மி.கி. வரை ‘உகந்த அளவு’ என்று பாடநூல்கள் எழுதிவந்தன. லெவி குழுவினர் 2009-இல் பார்த்தபோது, சொத்தையில்லாத குழந்தைகளின் உட்கொள்ளலும் திட்டு விழுந்த குழந்தைகளின் உட்கொள்ளலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. இதுதான் உகந்த அளவு என்று கோடு கிழிப்பது கடினம் என்று அவர்களே எழுதினார்கள். அந்த 0.05 என்ற எண்ணின் பிறப்பைத் தேடினால் 1943-இல் மெக்ளூர் என்பவர் எழுதிய கட்டுரையில் போய் நிற்கிறது. அமெரிக்கக் குழந்தைகள் உணவிலும் நீரிலும் சராசரியாக எவ்வளவு உட்கொள்கிறார்கள் என்று அவர் மதிப்பிட்டது அது. நடப்பதைச் சொன்ன ஒரு சராசரி, பிற்காலத்தில் நடக்க வேண்டியதைச் சொல்லும் இலக்காக மாறிவிட்டது. அறிவியலில் எண்களுக்கு இப்படி ஒரு தனி வாழ்க்கை உண்டு.

சரி, பேஸ்ட்டின் நன்மை எவ்வளவு உறுதியானது? மிக உறுதியானது. காக்ரேன் அமைப்பு 2003-இல் எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஃபுளோரைடு பேஸ்ட் பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் சொத்தையைச் சராசரியாக 24 சதவீதம் குறைத்திருந்தது. பின்னர் செறிவு வாரியாகத் தொகுத்துப் பார்த்தபோது, 1000 பிபிஎம்மும் அதற்கு மேலும் உள்ள பேஸ்ட்டுகளில் பலன் தெளிவாக இருந்தது. 500 அளவில் அதே உறுதி கிடைக்கவில்லை. 2010-இல் வந்த இன்னொரு காக்ரேன் ஆய்வு மறுபக்கத்தைச் சொன்னது. ஐந்தாறு வயதுக்குட்பட்டவர்கள் 1000 பிபிஎம்மோ அதற்கு மேலோ உள்ள பேஸ்ட்டைப் பயன்படுத்தினால் ஃபுளோரோசிஸ் வாய்ப்பு கூடுகிறது. பலனும் பாதிப்பும் ஒரே செறிவில் வந்து உட்கார்ந்துகொண்டன.

இங்கேதான் நாடுகள் இரண்டாகப் பிரிந்தன. குடிநீரிலேயே ஃபுளோரைடு சேர்க்கும் ஆஸ்திரேலியா, சிறுவர்களுக்கு 400 முதல் 550 பிபிஎம் வரையுள்ள தனிப் பேஸ்ட்டைக் கொண்டுவந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் அதன் பிறகு பிள்ளைகளிடம் ஃபுளோரோசிஸ் குறைந்ததை அடிலெய்டு ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பிரிட்டன் வேறு வழியில் போனது. செறிவைக் குறைக்காதீர்கள், 1000-க்குக் குறையாத பேஸ்ட்டைக் கீற்றாகத் தடவுங்கள், அளவைக் குறையுங்கள் என்றது. 2014-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் அதே பக்கம் சேர்ந்தது. முதல் பல் முளைத்ததிலிருந்து மூன்று வயது வரை அரிசி மணி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. இரண்டாவது வழியே சரி என்பேன். பல்லில் சொத்தையைத் தடுப்பது பேஸ்ட் தொடும் இடத்திலுள்ள செறிவு. வயிற்றுக்குப் போவது மொத்த அளவு. அளவைக் குறைத்தால் வயிற்றுக்குப் போவது குறைகிறது, பல்லைத் தொடும் செறிவு பெருமளவு நிற்கிறது. செறிவைக் குறைத்துவிட்டு அளவைக் கண்டுகொள்ளாமல் விட்டால் இரண்டுமே கெடும்.

அறிவுரை வந்துவிட்டதே தவிர, கை மாறவில்லை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2019-இல் வெளியிட்ட கணக்கில், மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளில் 38 சதவீதத்தினர் பட்டாணி அளவைத் தாண்டி, பாதி பிரஷ்ஷோ முழு பிரஷ்ஷோ வைத்துக்கொண்டிருந்தார்கள். நம்மூருக்கு ஒரு குறிப்பையும் சேர்க்கிறேன். பொன்னி அரிசியின் ஒரு மணி 0.1 கிராமைவிடச் சிறியது. வெந்த சோற்றுப் பருக்கை என்று நினைத்துக்கொண்டால் தேவைக்குக் குறையாது. பட்டாணி என்றால் காய்ந்த பட்டாணி, ஊறவைத்து உப்பியது அல்ல.

இனித் தண்ணீருக்கு வருவோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தில் ஃபுளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மி.கி. வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை அனுமதி. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவும் 1.5தான். இரண்டு வயதுக் குழந்தை குடிப்பது, கஞ்சி, பருப்பு, ரசம் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டர் உள்ளே போகிறது என்று வைப்போம். லிட்டருக்கு 0.3 மி.கி. உள்ள ஆற்றுத் தண்ணீரில் 11 கிலோக் குழந்தைக்கு கிலோவுக்கு 0.03-க்குள் நிற்கும். 1.0 அளவிலேயே 0.09. அனுமதிக்கப்பட்ட 1.5-இல் 0.14. சட்டப்படி குடிக்கத் தகுந்த தண்ணீர், பேஸ்ட்டைத் தொடுவதற்கு முன்பே குழந்தையை மேல்வரம்புக்கு அப்பால் கொண்டுபோய்விடுகிறது. டீனின் ‘ஒரு மி.கி.’ மிதமான குளிருள்ள ஊர்களில் பிறந்த எண். வெயில் ஊர்களில் மக்கள் அதிகம் குடிக்கிறார்கள் என்பதற்காக அமெரிக்காவே 0.7 முதல் 1.2 வரை தட்பவெப்பத்துக்கேற்ற அளவுகளை வைத்திருந்தது. 2015-இல் நாடு முழுவதற்கும் 0.7 என்று இறக்கியது. மே மாத வேலூரும் சேலமும் குடிக்கும் அளவை அந்தக் குளிர் ஊர்களோடு சேர்த்துக் கணக்குப் போட முடியாது.

தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துப் பாறைகளில் ஃபுளோரைடுள்ள தாதுக்கள் இயல்பாகவே உண்டு. கிணறு ஆழமாகி ஆழ்துளையாக மாறியபோது தண்ணீர் பாறையோடு இருக்கும் காலமும் கூடியது. தருமபுரியில் பற்கறையைப் பார்த்து ஊர்ப்பெயர் சொன்ன காலம் உண்டு. ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவந்த கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்ற சொல் இருக்கிறது. ஜப்பான் கடனுதவியோடு நடந்த அந்தத் திட்டம் 2013-இல் செயலுக்கு வந்தது. ஆனாலும் குழாய்த் தண்ணீர் வராத நாளில் வீட்டு போர்வெல்தான் கைகொடுக்கிறது. தெளிவாக, சுவையாக இருக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது நாக்குக்குத் தெரியாது. காய்ச்சினாலும் போகாது. நீர் வற்றுவதால் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

இப்படிப்பட்ட ஊரில் பேஸ்ட்டின் மேல் பழி போடுவது தவறான இடத்தில் தேடுவது. லிட்டருக்கு 2 மி.கி. உள்ள போர்வெல் நீரைக் குடிக்கும் குழந்தைக்குத் தண்ணீரில் 2 மி.கி., அரிசி மணி பேஸ்ட்டில் 0.2 மி.கி. முதலில் மாற்ற வேண்டியது தண்ணீர். ஆனால் அதே குழந்தைக்கு முழு பிரஷ் பேஸ்ட் வைத்தால் இன்னொரு 1.2 மி.கி. சேரும். அது தள்ளிவிடக்கூடிய தொகையல்ல. ஃபுளோரைடு மிகுந்த நீர் தவிர வேறு வழியில்லாத வீட்டில், துப்பப் பழகும்வரை ஃபுளோரைடில்லாத பேஸ்ட்டையோ வெறும் பிரஷ்ஷையோ பயன்படுத்தலாம் என்று பல் மருத்துவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. சென்னையில் ஏரித் தண்ணீர் குடிக்கும் வீட்டுக்கு அதே அறிவுரை பொருந்தாது. அங்கே குழந்தையின் எதிரி சொத்தை. பிஸ்கட்டும், இரவில் பால்புட்டியோடு தூங்குவதும், சர்க்கரை போட்ட டீயும் அதற்குத் துணை. பூச்சிப்பல் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அது, இரவில் வலியால் தூங்கவிடாத, சோறு மெல்லவிடாத நோய்.

‘ஃபுளோரைடு அற்றது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட குழந்தைப் பேஸ்ட்டுகள் இப்போது கடைகளில் நிறைய. அச்சம் நல்ல விற்பனையாளன். அந்த அச்சத்துக்குப் பின்னால் சமீபத்தில் ஓர் ஆவணமும் வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, குடிநீரில் லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேற்பட்ட அளவு ஃபுளோரைடுக்கும் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவுக்கும் தொடர்பு இருப்பதாக மிதமான நம்பிக்கையோடு சொன்னது. 0.7 அளவில் அப்படி ஒரு பாதிப்பு உண்டா என்று முடிவு சொல்லத் தரவு போதாது என்றும் அதே அறிக்கை சொன்னது. இரண்டாவது வாக்கியம் பகிரப்படுவதில்லை. அந்த அறிக்கையைப் படித்துக் கவலைப்பட வேண்டியவர்கள் ஆழ்துளைக் கிணற்று ஊர்க்காரர்கள். அவர்களுக்கு அது பேஸ்ட்டைப் பற்றிய செய்தியே அல்ல. உலகச் சுகாதார நிறுவனமோ 2021-இல் ஃபுளோரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. மருந்து என்று அவர்கள் சொன்னதை நாம் நேராகவே எடுத்துக்கொள்ளலாம். மருந்தைக் குழந்தையின் கையில் கொடுத்து வேண்டிய அளவு எடுத்துக்கொள் என்று யாரும் சொல்வதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. குழாய் பெரியவர் கையில் இருக்கட்டும், எட்டாத இடத்தில் வைத்திருங்கள். பேஸ்ட்டைப் பிரஷ்ஷின் நீளவாக்கில் இழுக்காமல் குறுக்காக ஒரு பொட்டு வைத்து, விரலால் முடிக்குள் அழுத்திவிட்டால் குழந்தை நக்கி எடுக்கவும் முடியாது. ஆறேழு வயது வரை பெரியவர்தான் தேய்த்துவிட வேண்டும், அல்லது பக்கத்தில் நிற்க வேண்டும். கொப்பளிக்கத் தெரியாத குழந்தைக்கு ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிடலாம். தப்பித்தவறி நிறைய விழுங்கிவிட்டால் பால் கொடுங்கள். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அளவு கிலோவுக்கு 5 மி.கி. என்று கேரி விட்ஃபோர்டு 1987-இல் வரையறுத்தார். 10 கிலோக் குழந்தைக்கு அது 50 கிராம் பேஸ்ட், அதாவது நூறு கிராம் குழாயில் பாதி. அந்த அளவு அரிது. ஆனால் அதற்கு எவ்வளவோ குறைவாக விழுங்கினாலும் வயிற்றுவலியும் வாந்தியும் வரும்.

வீட்டில் செய்ய முடியாதது தண்ணீர்ச் சோதனை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர் ஆய்வுக்கூடம் உண்டு. கட்டணம் கட்டினால் தனியார் கிணற்று நீரையும் சோதித்துத் தருவார்கள். ஒரு ஊரின் நீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்ற எண் தெரியாமல், அந்த ஊர்க் குழந்தைக்கு எந்தப் பேஸ்ட் என்று பல் மருத்துவரோ அங்கன்வாடிப் பணியாளரோ சொல்வது குத்துமதிப்புதான். ஆகவே கிராமத்தில் இருப்பவர்கள், குடிநீர் தரும் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றின் ஃபுளோரைடு அளவையும் அங்கன்வாடிச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியிலும் எழுதிவைக்கச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூடுகிறது.